எல்லோராவில் செவ்வாய்க்கிழமை

தோசைத் தட்டுகளை எடுத்துவிட்டு மேசையைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. மருமகள் கவிதா ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதில் ‘ஐந்து நாள்’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். எதிரே என் மனைவி ராமாத்தாள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தாள். மடியில் எதை வைத்தாலும் முட்டி வலிக்கிறது அவளுக்கு.

“அத்தை, கொகை பாக்கோணும், கடல் பாக்கோணும். அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவுதான் கண்ணு.”

“அப்ப மாமல்லபுரமே போயிரலாங்க அத்தை. கொகைக்கோயிலும் இருக்குது, கடலும் இருக்குது. எறங்குனா ரெண்டும் பக்கத்துலயே.”

நான் விட்டேனா? “நெம்ப நல்ல ரோசனை அம்மணி. ராத்திரி ரயில் ஏறுனா வெடியால மெட்ராஸ். போயிப்போட்டு மூணே நாள்ல வந்துரலாம்” என்று காப்பியைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

ராமாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு காயை ஒடித்துக் கொண்டே கவிதாவிடம் சொன்னாள்: “மாமல்லபுரத்தை ஆரு வேணும்னாலும் காட்டுவாங்க கண்ணு. எல்லோராவை உங்க மாமாதான் காட்டோணும். அவருக்கு அது உள்ளங்கையாட்டம்.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோராவுக்கு நான் போனதே இல்லை. அதன் வாசற்படியைக் கூட மிதித்ததில்லை. ஆனால் நாற்பது வருடமாக அந்தக் குகைகளை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவன் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். நம்ப வைத்தவன் நான்.

முட்டியும் டாக்டரும்

இந்தப் பேச்சு ஆரம்பித்ததே ஆஸ்பத்திரியில்தான். ராமாத்தாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு பல மாதம் வீட்டோடு இருக்க வேண்டும், பெரிய படிக்கட்டெல்லாம் ஏறாமல் இருப்பதே நல்லது என்றும் சொன்னார்.

நான் தேதி கேட்டேன். அவள் குறுக்கே வந்தாள்.

“சாமி, அதுக்கு முன்னால ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்து படுத்துக்கறேனுங்க.”

டாக்டர் சிரித்தார். “எந்த இடம்மா?”

“எல்லோராவும், அப்படியே ஒரு கடலும்.”

எனக்குத் தெரிந்து அவள் கேட்ட முதல் விஷயம் இது. வீடு கட்டும்போது இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்று கூட அவள் கேட்டதில்லை. கடலை அவள் பார்க்காதவள் அல்ல. ராமேஸ்வரத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறாள். என் அப்பாவுக்காக ஒரு தடவை, அவள் அப்பாவுக்காக ஒரு தடவை, அவள் அம்மாவுக்காக ஒரு தடவை. “நம்மூட்டுல கடலுக்குப் போறதுன்னா ஆராச்சும் செத்திருக்கோணும். ஒரு தடவை சும்மா போயி ஒக்காந்துட்டு வரோணுங்க” என்று காரில் வரும்போது சொன்னாள்.

கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. எல்லோராவைக் கேட்டாளே, அங்கேதான் நான் சிக்கினேன்.

அம்புக்குறிப் பலகை

இந்தப் பத்திரிகையில் என் கதையைப் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும், நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று என்னைப் போலச் சொல்ல இந்தக் கோயமுத்தூர் வட்டாரத்தில் ஆளில்லை. கிணறு துளைக்கிற ரிக் வண்டியில் ராடு இறக்குகிற வேலையில் ஆரம்பித்து, ரிக் வண்டிக்கே முதலாளி ஆனவன். ஆழ்குழாய்க் கிணறு போடப் பாறை உடைகிற சத்தத்தைக் கேட்டே, தண்ணீர் இன்னும் எத்தனை அடியில் என்று சொல்லுவேன். படித்த எஞ்சினியர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். ஐந்து பாஷை பேசுவேன். ஒன்றில்தான் கையெழுத்துப் போடுவேன்.

கல்யாணமான புதிதில் நான் அடுத்தவர் வண்டியில் துளை போடுகிற டிரில்லர். மகாராஷ்டிரத்துப் பக்கம் வண்டி போனால் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவோம். வண்டியிலேயே அடுப்பு, வண்டியிலேயே படுக்கை. அந்த ஊர்ப் பாறை கன்னங்கரேலென்று இருக்கும். நடுவில் திடீரென்று சிவப்பு மண் பட்டை ஒன்று வரும். அங்கே ஏமாந்தால் குழி சரிந்து, பாறையை உடைக்கிற ஹேமர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எங்கள் கேம்ப் இருந்த இடத்திலிருந்து எல்லோரா ரொம்ப தூரமில்லை. பெரிய ரோட்டில் அம்புக்குறி போட்ட பலகை ஒன்று இருந்தது. அந்தப் பலகையைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருப்போம். ஒரு தடவை கூட அம்பு காட்டிய பக்கம் வண்டி திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஓய்வு. ரிக் வண்டிக்காரர்கள் செவ்வாய்க்கிழமையில் புதுக் குழிக்கு ராடு இறக்க மாட்டோம். அன்றைக்கு இறக்கினால் ஏதாவது ஒன்று உள்ளே போய்விடும் என்று பயம். துணி துவைப்போம், ராடுக்கு கிரீஸ் வைப்போம், கம்ப்ரசரின் நிழலில் படுத்துத் தூங்குவோம். நீங்கள் கேட்கலாம், அன்றைக்குப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று. வாரத்தில் ஆறு நாள் பாறைத் தூளைத் தின்றவனுக்கு ஏழாவது நாள் பாறையைப் பார்க்க ஆசை வராது. காதுக்குள், மூக்குக்குள், சோற்றுக்குள் எல்லாம் பாறை. எங்களுக்கு அது எதிரி.

உரக்கடை போன்

அப்போது எங்கள் குடும்பம் அன்னூர்ப் பக்கம் இருந்தது. ஊரில் உரக்கடையில்தான் போன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு நான் பேசுவேன் என்று ஏற்பாடு. ராமாத்தாள் முன்னாலேயே வந்து யூரியா மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். கடைக்காரர், உரம் வாங்க வந்தவர்கள், என் சித்தப்பா எல்லாரும் சுற்றி நிற்பார்கள். நான் பேசுவது அவளுக்கு மட்டும் கேட்கும். அவள் பேசுவது எல்லாருக்கும் கேட்கும்.

“நல்லா இருக்கறீங்களா?”

“இருக்கறேன். நீயி?”

“இருக்கறேனுங்க.”

இவ்வளவுதான் பேச முடியும்.

ஒரு வாரம் ஊரிலிருந்து போன் வந்தது. கேம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த சர்க்கரை ஆலை ஆபீசில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ராமாத்தாளுக்கு ஏழாம் மாதத்தில் வயிற்றுக் குழந்தை போய்விட்டது. சேதி எனக்கு வந்து சேரவே மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு எங்கள் ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. டிரில்லர் நான். ஹேமரை விட்டுவிட்டுப் போனால் முதலாளி அடுத்த ஆளை வைத்துவிடுவார். நான் போகவில்லை. இதில் பெருமையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை போன் போட்டேன். அவள் எடுத்தாள். பேசவில்லை. மூச்சு மட்டும் வந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள் என்றும் தெரிந்தது. என்ன சொல்வது? ‘அழாதே’ என்றால் இன்னும் அழுவாள். ‘வருகிறேன்’ என்று சொல்ல முடியாது.

போன் பூத்துக்காரன் கண்ணாடிக்குக் கீழே பட அட்டைகளை விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்தான். மேலே இருந்த அட்டையில் யானைகள். வரிசையாகக் கல் யானைகள், அவற்றின் தலைக்கு மேல் ஒரு பெரிய கோயில்.

“ராமாத்தா, நான் இன்னிக்கு எல்லோரா போனேன்” என்றேன். “ஒரே பாறையில கோயிலைச் செதுக்கியிருக்காங்க. அந்தக் கோயிலை ஆனைக தாங்கிட்டு நிக்குது.”

மூச்சுச் சத்தம் கொஞ்சம் நின்றது.

“எத்தனை ஆனைங்க?”

அட்டையில் எண்ணினேன். “நான் நின்ன பக்கம் ஏழு. ஒன்னுக்குத் தும்பிக்கை ஒடஞ்சு போச்சு.”

“பாவம்” என்றாள். குழந்தை போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

அந்த அட்டைக் கட்டு முழுவதையும் வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் ஒரு அட்டை. ஒரு வாரம் வரிசைத் தூண்கள், ஒரு வாரம் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற புத்தர், ஒரு வாரம் மலையைத் தூக்குகிற ராவணன். “அடுத்தது என்ன பாத்தீங்க?” என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். உரக்கடையில் போனை வைத்ததும் சுற்றி இருக்கிறவர்களுக்கும் அவளே சொல்லுவாளாம். ஊருக்குத் திரும்பினபோது பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், “எல்லோராக்காரர் வந்துட்டாரு” என்றார்கள். பெருமையாக இருந்தது. அட்டைகளை வண்டி டூல்ஸ் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். உண்மையையும் சேர்த்து விட்டுவிட்டேன்.

லீவு நாள்

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வருவோம்.

எல்லோரா என்று முடிவாகிவிட்டது. சரி, நடத்துவது நானாக இருந்தால் எப்படியும் சமாளிக்கலாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். வடக்கே போகிறோம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. ஆகவே திங்கட்கிழமை கிளம்புகிறோம். மும்பைக்கு விமானம், அங்கிருந்து கார். செவ்வாய்க்கிழமை காலை எல்லோரா. வியாழன் கடல். வெள்ளி வீடு. ரிக் வண்டியை ஐந்து மாநிலத்துக்கு அனுப்பினவனுக்கு இது ஒரு வேலையா? படம் போட்ட மாதிரி சொல்லி முடித்தேன்.

போன் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்த கவிதா நிறுத்தினாள்.

“மாமா, செவ்வாய்க்கெழமை எல்லோரா லீவுங்க.”

“என்ன லீவு?”

“வாரா வாரம் செவ்வாய்க்கெழமை மூடிருவாங்களாமா. போட்டிருக்குதுங்க.”

அவரைக்காய் ஒடிகிற சத்தம் நின்றுவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் செவ்வாய்க்கிழமை தோறும் போன எல்லோரா, செவ்வாய்க்கிழமை தோறும் பூட்டிக் கிடக்கிறது.

ராமாத்தாள் தலையைத் தூக்கினாள். “அதெல்லாம் இப்ப வெச்சிருப்பாங்க கண்ணு. அந்தக் காலத்துல ஏது லீவு? கொகைக்கு என்ன கதவா இருந்துச்சு? இல்லீங்களா?” என்று என்னைப் பார்த்தாள்.

“ஆமாமா. அப்பல்லாம் தொறந்தேதான் கெடக்கும்” என்றேன்.

அவள் என்னைச் சோதிக்கவில்லை. கிண்டலும் செய்யவில்லை. என் பொய்யில் ஓட்டை விழுந்தபோது, ஓட்டை என்றே தெரியாமல், அவளே ஓடி வந்து அடைத்தாள். எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒன்றும் இந்த மாதிரிக் குத்தியதில்லை.

“அப்ப புதங்கெழமை பாத்துக்கலாம்” என்று காயை எடுத்தாள். “கைடு கீடு ஒன்னும் போட்டுராத கண்ணு. உங்க மாமாவே சொல்லட்டும்.”

உடுமலையில் ஒரே சாட்சி

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு உடுமலைப்பேட்டைக்குப் போனேன். அங்கே நாச்சிமுத்தண்ணன் தென்னந்தோப்பில் இருக்கிறார். அந்த நாளில் எங்கள் ரிக் வண்டிக்கு டிரைவர். உயிரோடிருக்கிறவர்களில் என் பொய் தெரிந்த ஒரே ஆள்.

“அண்ணா, நாம அங்க இருந்தப்ப எல்லோராவைப் பாத்தமுங்களா?” என்று கேட்டேன். என்னவோ ஒரு நப்பாசை. நான் மறந்திருக்கலாமல்லவா?

“ஓ, பாத்தமே! அந்தப் பலகைக்கு அடியில வண்டி பஞ்சராகி நீ ஸ்டெப்னி மாட்டுனியே. நல்லாப் பெருசா எழுதியிருந்துச்சு, எல்லோரான்னு.”

“வெளையாடாதீங்கண்ணா. ஊட்டுல காட்டோணும்னு நிக்கறா.”

அவர் சிரிப்பு நின்றது. “ஏப்பா வேலுச்சாமி, இன்னுமா அந்தப் புள்ளகிட்டச் சொல்லல நீயி?”

“இல்லீங்கண்ணா.”

கொஞ்ச நேரம் மட்டையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வழி சொன்னார். “ஒன்னு பண்ணு. போன ஒடனே அங்க ஒரு கைடைப் புடிச்சுக்கோ. சொந்தக்காரனாட்டம் கூடவே வரட்டும். நீ இந்தியில கேளு, அவன் இந்தியில சொல்லட்டும். நீ அதைத் தமிழ்ல உன்னோடதாட்டம் சொல்லிப்போடு.”

“எல்லோராவுல எனக்கேதுங்கண்ணா இந்திக்காரச் சொந்தம்?”

“மூணாங்கிளாஸ்ல ஒன்னாப் படிச்சவன்னு சொல்லு!”

இரண்டு பேரும் சிரித்தோம். கிளம்பும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கு நீ ஆனையப் பத்திப் பேசுனப்ப பூத்துக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். ஒரு நிமிசம் நானே, இவன் எப்படா போயிட்டு வந்தான்னு நெனச்சுப்போட்டேன்.”

பொய் சொன்னாலும் அரைகுறையாகச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

வீட்டுக்கு வந்து போனில் எல்லோரா வீடியோக்களைப் போட்டேன். இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். எந்தக் குகை புத்தருடையது, எது ஜைனருடையது, எங்கே படி அதிகம், எங்கே அவளால் உட்கார முடியும் என்றெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டேன். கேட்டுக்கொண்டே வரும்போது ஒரு விஷயம் வந்தது. அந்தப் பெரிய கோயிலைக் கீழே அஸ்திவாரம் போட்டுக் கட்டவில்லையாம். மலை உச்சியில் ஆரம்பித்து, மேலேயிருந்து கீழே குடைந்துகொண்டே வந்தார்களாம். வீடியோவை நிறுத்திவிட்டேன். மேலேயிருந்து கீழே போவது எங்கள் தொழில் அல்லவா? அதே கறுப்புப் பாறை. நான் ஆறங்குலக் குழி போடவே திணறின பாறையில், உளியை வைத்துக்கொண்டு ஒரு கோயிலை இறக்கியிருக்கிறார்கள். சிவப்புப் பட்டை வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் போல் இருந்தது. முதல் தடவையாக, நிஜமாகவே ஆசை வந்தது.

பன்னிரண்டு பேர் வேன்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். எங்கே கிளம்பினாலும் சொல்லாமல் போகக் கூடாது. சொன்னால் கேட்டவர்கள் கூட வருவார்கள். ராமாத்தாள் அடுத்த வீதி சரசக்காவிடம் சொன்னாள். சரசக்கா தங்கச்சியிடம் சொன்னாள். ஒரே வாரத்தில் இரண்டு பேர் பயணம் பன்னிரண்டு பேர் பயணமாகிவிட்டது.

ஒரு நாள் காலை கூடத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “கைடு எதுக்குங்க சரசக்கா? எங்கூட்டுக்காரரு ஒவ்வொரு செலையா நிறுத்திச் சொல்லுவாரு. நீங்க கேட்டுட்டே வாங்க. ஆனைகிட்ட மட்டும் நான் சொல்லுவேன்.”

கவிதா என்னிடம் வந்து, “மாமா, பன்னெண்டு சீட்டு வேன் ஒன்னு மும்பையில பேசிரட்டுங்களா?” என்றாள்.

“சாயங்காலம் சொல்றேன் அம்மணி” என்றேன்.

வீடியோவில் கேட்டதை வைத்துப் பன்னிரண்டு பேரையும் ஏமாற்ற என்னால் முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த யானைகளுக்கு முன்னால் நின்று ராமாத்தாள் சொல்லப்போகிறாளே, அதை நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

தைலம்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

“ராமாத்தா, நான் எல்லோராவைப் பாத்ததே இல்லை.”

“சும்மா இருங்க, வெளையாடிட்டு.”

“வெளையாட்டில்ல.”

தைலம் தேய்த்த கை நின்றது. “அந்த ஆனைக?”

“பூத்துல வித்த பட அட்டை.”

“தும்பிக்கை ஒடஞ்சது?”

“அதுவும் அட்டையில இருந்ததுதான்.”

“அந்த இருட்டுக்குள்ள ஒக்காந்திருக்கிற புத்தரு? கிட்டப் போனா சில்லுனு இருக்கும்னீங்களே?”

“அந்தச் சில்லு நானாச் சேத்துக்கிட்டது.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“அன்னிக்கு எதையாச்சும் சொல்லோணும்னு சொன்னீங்க. அது செரி. அந்த ஆனைக இல்லாட்டி அன்னிக்கு நான் என்ன ஆயிருப்பனோ தெரியாது. அதுக்கு உங்களைக் கோவிச்சுக்க மாட்டேன். ஊட்டுக்கு வந்த பொறகு சொல்றதுக்கு என்னங்க?”

“நீ ஊருக்கெல்லாம் சொல்லிட்டே. எனக்கும் பெருமையா இருந்துச்சு.”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்” என்றாள். குரல் ஏறிவிட்டது. “நீங்க சொன்னது எனக்கு ஒருத்திக்குத்தான். நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கறேன்? உரக்கடையில சொன்னேன். எங்கண்ணன்கிட்டச் சொன்னேன். கவிதாவைப் பொண்ணு பாக்கப் போன எடத்துல, சம்பந்திகிட்ட உக்காந்து சொன்னேன். நாப்பது வருசமாப் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சது ஆரு? நீங்களா, நானா?”

ஐந்து பாஷை பேசுகிறவன், தைலப் புட்டியை எடுத்து மூடி வைத்தேன்.

“அப்ப எதைத்தாங்க பாத்தீங்க அங்க?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால், அதே வருடம் நான் நிஜமாகப் பார்த்தது ஒன்று இருந்தது. அதை அவளிடம் சொன்னதே இல்லை. மகாராஷ்டிரத்துக் கொங்கணக் கரையோரம் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் குழாய்க் கிணறு போட்டோம். எங்கே துளைப்பது என்று பாயிண்ட் பார்த்தது நான். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டாம் என்று நாச்சிமுத்தண்ணன் சொன்னார். நான் கேட்கவில்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஊரே கை தட்டியது. வாயில் வைத்தால் உப்பு.

ராடெல்லாம் ஏற்றிவிட்டு அவமானத்தோடு மணலில் போய் உட்கார்ந்தேன். மீன்காரம்மாள் ஒருத்தி, அந்தக் கிணற்றுக்காகக் காத்திருந்தவள், கோபித்துக்கொள்ளாமல் எனக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எத்தனையோ தூரம் நடந்து எடுத்துவந்த தண்ணீர். பொழுது இறங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அலை காலடி வரைக்கும் வந்து வந்து போனது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அப்படி ஒரு ஏக்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதை ஏன் அன்னிக்கே சொல்லல?”

“போர் பெயிலு. அதை எப்படிச் சொல்றது?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “கவிதாகிட்ட வேன் வேண்டாம்னு சொல்லிருங்க. கொகையும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் தேதி கேளுங்க.”

அச்சு

இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. மூன்றாம் நாள் வாரப் பத்திரிகை வந்தது. நான் முதல் ரிக் வண்டி வாங்கின கதை அதில் வந்திருந்தது. போன வாரம் நீங்கள் படித்தீர்களே, அதுதான். வழக்கம் போல முதலில் அவள்தான் படித்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பாள். நடுவிலேயே எனக்கு இரண்டு போன் வந்துவிட்டது. ஒருத்தர் ஈரோட்டிலிருந்து, ஒருத்தர் பல்லடத்திலிருந்து. “அய்யா, உங்களாட்டம் வராதுங்க” என்றார்கள். நான் கூடத்தில் நடந்துகொண்டே பேசினேன்.

வைத்ததும் கூப்பிட்டாள். “இதை எத்தனை பேரு படிப்பாங்க?”

“ஊரே படிக்கும்” என்றேன்.

“அப்ப இதுல எழுதுங்க.”

“எதை?”

“எல்லோராவை. நீங்க பாக்கலைன்னு எழுதுங்க. நான் சொன்னதெல்லாம் நீங்க சொல்லிச் சொன்னதுன்னு எழுதுங்க.”

“ஏம்புள்ள, இத்தனை வாரமா ஒரு கெத்தோட எழுதிட்டு வாரேன். படிக்கறவங்க என்னை என்ன நெனைப்பாங்க?”

“நான் பொய்க்காரின்னு சரசக்கா நெனைக்கறதுக்கு, நீங்க பொய்க்காரர்னு ஊரு நெனைச்சுட்டுப் போகட்டுங்க.”

யோசித்துப் பார்த்தேன். அவள் பக்கம் நியாயம் இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லக் கவிதா போனில் அடிக்கிறாள். சரசக்கா, அந்த உரக்கடைக்காரர் குடும்பத்தார், அன்னூரில் இருக்கிற மச்சான், பொள்ளாச்சிச் சம்பந்தி, இன்னும் ராமாத்தாள் வாயால் எல்லோராவைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவள் பொய் சொன்னவள் அல்ல. புருசன் சொன்னதை நம்பினவள். பொய் சொன்னது வேலுச்சாமி. பாறையைத் துளைத்துப் பேர் வாங்கின அதே வேலுச்சாமிதான். அந்தக் குகைக்குள் நான் போனதில்லை. போக வேண்டும் என்று இப்போது எனக்கே ஆசையாக இருக்கிறது. அவள் கூட வந்தால்தான் போவேன்.

இதுவரை அடித்ததைக் கவிதா ஒரு தடவை உரக்கப் படித்தாள். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. படிக்க ஆரம்பித்ததும் நின்றது, முடிகிற வரைக்கும் மறுபடி ஓடவில்லை.

“அத்தை, கேட்டீங்களா?” என்று கவிதா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். “ரெண்டே ரெண்டு டிக்கெட்டு. புதங்கெழமை எல்லோரா. அப்பறம் அந்த உப்புத் தண்ணி வந்த ஊரு. போட்டுரட்டுங்களா?”

உள்ளேயிருந்து பதில் வந்தது:

“அச்சாகி வரட்டும் கண்ணு.”